எல்லையோரச் சங்கங்கள் நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் காலையில் பேருந்து ஏறினால், தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் வேலையை முடித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம். பெண் கொடுப்பது, எடுப்பது, ஜவுளி, மாட்டுச்சந்தை எல்லாம் அந்தப் பக்கம். ரேஷன் கார்டு, ஓட்டு, வீட்டு வரி இந்தப் பக்கம். வடகரப்பதி, எருத்தேன்பதி, கோபாலபுரம், வேலந்தாவளம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் முழுக்க வாழ்க்கை இப்படித்தான். இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊருக்காக ஒரு மன்றமோ சங்கமோ வைத்து நிதி கேட்கப் போகும்போது, அந்தப் பக்கத்து விதியை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்து அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். நல்ல காரியம் செய்கிற குழுக்கள் வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

எங்கள் வாசகசாலைக்கே இது நடந்தது. பதிவு செய்யப் போகும்போது துணைவிதி, அதாவது பைலா, எழுத எங்களுக்குத் தெரியவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு நண்பர் நடத்தும் மன்றத்தின் பைலாவை வாங்கி, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி டைப் அடித்துக் கொண்டுபோனோம். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் முதல் பக்கத்தைப் படித்தார். ‘1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி’ என்ற வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தவறே இல்லை. புதிதாக எழுதி, ஏழு பேர் கையெழுத்தையும் மறுபடி வாங்கி முடிப்பதற்குள் அந்த வருடம் விண்ணப்பிக்க நினைத்த உதவியின் கடைசித் தேதி போய்விட்டது.

கேரளத்தில் பழைய மலபார் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். நம் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1957இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோதுதான் மலபார்த் தாலுகாக்களோடு சேர்ந்தது. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சட்டங்களின் பேச்சும் உண்டு. உங்கள் ஊருக்கு எது என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் எழுத உட்காருங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பது மட்டும் எல்லாச் சட்டத்துக்கும் பொது.

பைலாவில் நாங்கள் அன்றைக்குக் கவனிக்காத இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று நோக்கங்கள். ‘கலை, விளையாட்டு வளர்ப்பது’ என்று மட்டும் எழுதிவிட்டால், நாளைக்கு மருத்துவ முகாமுக்கோ பெண்களின் தையல் பயிற்சிக்கோ நிதி வரும்போது ‘இது உங்கள் நோக்கத்திலேயே இல்லையே’ என்று கேட்பார்கள். கல்வி, உடல்நலம், சுற்றுச்சூழல் என்று உண்மையாகவே செய்ய நினைப்பதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, சங்கம் கலைந்தால் சொத்து எங்கே போகும் என்ற விதி. அதே நோக்கமுள்ள வேறொரு பொது அமைப்புக்குப் போகும் என்று தெளிவாக இருக்க வேண்டும். உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால் வருமான வரிப் பதிவு கேட்கும்போது அங்கேயே நின்றுவிடும்.

கிராமசபையை விட்டுவிடுவது

அந்தப் பக்கத்து உறவினர்கள் சொல்லிச் சொல்லி, கிராமசபை என்றால் நமக்குக் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்ற நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஊராட்சி முழுக்க ஒரே கூட்டம், ஒரு தீர்மானம் என்று நினைத்துக்கொள்கிறோம். கேரளத்தில் அப்படி இல்லை. 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வார்டு மெம்பர்தான் கூட்டுகிறவர். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும்.

ஊர்மக்களே திட்டமிடும் ‘மக்கள் திட்டம்’ 1996இல் கேரளத்தில் தொடங்கியதிலிருந்து பஞ்சாயத்தின் வருடத் திட்டத்துக்கு விதை விழுவது இந்தச் சின்னக் கூட்டத்தில்தான். நம் குழுக்கள் செய்யும் தவறு என்னவென்றால், நிதியாண்டு தொடங்கிய பிறகு பஞ்சாயத்துத் தலைவரை நேரில் பார்த்து ஒரு மனு கொடுப்பது. அவர் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் திட்டம் ஏற்கெனவே போட்டு முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கிராமசபை எப்போது என்று மெம்பரிடம் கேட்டுவைத்து, உங்கள் ஆட்கள் இருபது பேராவது போய் உட்கார்ந்து, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அது மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பஞ்சாயத்து உங்கள் சங்கத்தின் கையில் ரூபாயாகத் தருவது அரிது. வாசகசாலைக்குக் கூரை, மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் என்று வேலையாகத்தான் வரும். அதுவும் நிதிதான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மலையாளம் தெரியாது என்பதற்காக மனுக் கொடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் யோசனை, தமிழ் மனுவோடு மலையாளத்தில் ஒரு பிரதியும் இணைத்துவிடுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, கோப்பு நகர வேண்டுமே என்பதற்காகத்தான்.

பெண்கள் குழுவுக்கும் இதே எல்லைக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மகளிர் திட்டத்தின் கீழ் வருகின்றன. இங்கே 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், வார்டு அளவில் ஏடிஎஸ் என்ற சங்கம், பஞ்சாயத்து அளவில் சிடிஎஸ் என்ற சங்கம் என்று மூன்று அடுக்கு. எல்லை தாண்டி வந்த ஓர் அமைப்பு குழு ஆரம்பித்துக் கொடுத்தது, வாராவாரம் சேமிக்கிறோம், ஆகவே குடும்பஸ்ரீ உதவி வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். சிடிஎஸ்ஸில் இணைப்புப் பெறாத குழுவுக்குக் குடும்பஸ்ரீயின் சுழல்நிதியும் வராது, வட்டிச் சலுகையும் வராது. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியார் நிறுவனம் வீட்டு வாசலில் வந்து தரும் குழுக் கடன் உதவி அல்ல, கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது.

பணம் வருவதற்கு முன்பே கணக்கு

நிதி கிடைத்தபின் கணக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கணக்கு இருக்கிற இடத்துக்குத்தான் நிதி வருகிறது.

எங்கள் பக்கத்து ஊர் மன்றம் ஒன்றின் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தேன். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வசூலித்த ரசீதுப் புத்தகங்கள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. அடிக்கட்டை எல்லாம் இருந்தது, ஆனால் வரிசை எண் இல்லை. செலவுக்கு ரசீதே இல்லை. ஒரு பழைய டைரியில் ‘பந்தல் 4,500, மைக் செட் 2,000, டீ’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. டீக்கு நேராகத் தொகைகூட இல்லை. பணம் முழுக்கப் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில். அவர் ஒரு பைசா எடுக்காத மனிதர், அது ஊருக்கே தெரியும்.

“எங்களுக்குள்ள நம்பிக்கை இருக்குதுங்க, இதுக்கெல்லாம் எதுக்குங்க வவுச்சரு?” என்றார் அங்கிருந்த பெரியவர் ஒருவர்.

“உங்களுக்கு இருக்குதுங்க ஐயா. பணம் தர்றவருக்கு உங்களைத் தெரியாதே” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டைரியையே புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “சரி, எப்படி எழுதணும், சொல்லுங்க” என்றார். அன்றைக்கு ஆரம்பித்து அந்த மன்றம் இன்றுவரை ஒழுங்காக எழுதி வருகிறது. செய்ய வேண்டியது அவ்வளவு ஒன்றும் இல்லை. சங்கத்தின் பெயரில் பான் கார்டு. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. அச்சிட்ட வரிசை எண்ணோடு ரசீது. ஒவ்வொரு செலவுக்கும் கடை பில் அல்லது பணம் வாங்கியவரின் கையெழுத்தோடு வவுச்சர். பக்க எண் போட்ட மினிட்ஸ் புத்தகம், அதில் தேதியும் வந்தவர்களின் கையெழுத்தும். ஆடிட்டரிடம் வருடம் ஒருமுறை கொண்டுபோய் வரவு செலவைத் தணிக்கை செய்துவிடுங்கள். பல இடங்களில் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்பார்கள். கடந்துபோன மூன்று வருடத்தை ஒரே இரவில் எழுதிக்கொள்ள முடியாது. எழுதினால் மையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

மத்திய அரசின் அமைச்சகங்களிடம் உதவி கேட்கும் எண்ணம் இருந்தால் தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ‘எண் வாங்கித் தருகிறேன், நிதியும் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் முன்பணம்’ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

12ஏபி (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிப் பதிவுகளை வாங்கிவிட்டு மறந்துவிடுவது இன்னொரு தவறு. இன்னும் வேலை தொடங்காத சங்கத்துக்கு முதலில் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு மட்டுமே. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலைகளை முன்னதாகவே தொடங்கிவிட்டால் தொடங்கிய ஆறு மாதத்துக்குள். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வங்கி வழியாக வாங்குங்கள்.

வளைகுடாப் பணமும் கஞ்சிக்கோட்டுப் பணமும்

நம் ஊர்ப் பிள்ளைகள் துபாயிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் வாசகசாலைக்கும் ஆசையாக அனுப்புகிறார்கள். இதில் பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நிதி ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. அங்கிருக்கும் ஒரு நிறுவனமோ சங்கமோ தருவதும் அப்படித்தான். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். அப்படிப் பதிவுள்ள பெரிய அமைப்பு தனக்கு வந்ததில் ஒரு பங்கை உங்களுக்குப் பிரித்துத் தரவும் அதே திருத்தம் தடை போட்டுவிட்டது. ‘அவங்க வாங்கி நமக்குத் தருவாங்க’ என்ற பேச்சுக்குச் சம்மதிக்காதீர்கள்.

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகள் இருக்கின்றன, சமூகப் பொறுப்பு நிதி தருவார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும் என்கிறது. தங்கள் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் சங்கத்துக்கு வருமான வரிப் பதிவுகள் இரண்டும், சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும், மூன்று வருட அனுபவமும் வேண்டும். சின்னச் சங்கங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று லட்சம் ரூபாய் கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் பதில் வரவில்லையே என்று வருந்துகின்றன. பணம் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கம்பெனி தானே வாங்கி வைக்கலாம். அதற்கு உங்களுக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. எத்தனை பிள்ளைகள், இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்கட்டணம் யார் கட்டுவார்கள், பில்டரை யார் மாற்றுவார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கிடைத்த பிறகு

உதவி கைக்கு வந்ததும் பாராட்டு விழா வைக்கிறோம், ஒப்புதல் ஆணையைப் படிக்க மறந்துவிடுகிறோம். எதற்குத் தந்தார்களோ அதற்குத்தான் செலவிட வேண்டும். அலமாரிக்கு வந்த பணத்தில் மிச்சம் இருக்கிறதே என்று மின்விசிறி வாங்கக் கூடாது. வேண்டுமென்றால் முதலில் எழுதிக் கேட்டு, பதில் வந்தபின் வாங்குங்கள். மத்திய அரசு மானியம் என்றால் அது வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டிகூட உங்களுடையது அல்ல, திருப்பிச் செலுத்த வேண்டும். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள், பணத்தை உரிய காரியத்துக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த முறை உங்கள் மனுவைப் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். வாங்கிய பொருளுக்கு ஒரு சொத்துப் பதிவேடு போட்டு, பொருளின் மேலேயே எண் எழுதி வையுங்கள். எங்கள் வாசகசாலை நாற்காலிகளின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் எண்ணி முடித்தார்.

நிர்வாகிகள் மாறும்போதும் ஒரு வேலை இருக்கிறது. 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்குழு நடந்த பதினான்கு நாட்களுக்குள் புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் எத்தனை நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காமல் விட்டால் பதிவேட்டில் பழைய செயலாளர் பெயரே நிற்கும். வங்கியில் ஒரு பெயர், மனுவில் ஒரு பெயர், பதிவாளரிடம் வேறொரு பெயர். அந்தப் பழைய செயலாளர் கோயம்புத்தூருக்குக் குடிபோய் வருடக்கணக்காகியிருக்கும், கையெழுத்துக்கு நீங்கள் அவர் வீட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பொதுக்குழு முடிந்த வாரமே புதிய செயலாளரும் பொருளாளரும் தீர்மான நகலோடு முதலில் பதிவாளர் அலுவலகத்துக்கும், அப்புறம் வங்கிக்கும் போய் வந்துவிடட்டும்.