பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? என்ஜின் சூடாவதற்கு முன் போங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குளிர்ந்த என்ஜினில்தான் கடகட சத்தமும் நீலப்புகையும் மறைக்க முடியாமல் வெளியே வரும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, அந்த வண்டி வேண்டவே வேண்டாம். மீட்டர் 40,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது என்றால் நான் பெடலைத்தான் நம்புவேன். அப்புறம் டயர். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது, அவ்வளவு பழைய டயர் என்பதால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவாகியிருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கண்ணில் காட்டாதவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.