அலமாரியை பாத்துட்டு அப்புறம் கடைக்கு போங்க: சிக்கனமா சாமான் வாங்கி வீட்லயே பேக் பண்றது எப்படி

கேக், பிரெட் எல்லாம் வீட்லயே பேக் பண்ணினா காசு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நிறைய வீட்ல நடக்கறது தலைகீழ்தான். ஒரு வீடியோ பாக்கறது, அதுல பாதாம் மாவு, க்ரீம் சீஸ், பட்டர்மில்க், சாக்லேட் சிப்ஸ்னு பத்து ஐட்டம் சொல்வாங்க, உடனே கடைக்கு ஓடி பத்தையும் வாங்கறது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் எடுத்து ஒரு கேக் பண்றது, மீதி எல்லாம் அலமாரி மூலைல காலாவதி ஆகற வரைக்கும் உக்காந்திருக்கும். அந்த ஒரு கேக்குக்கு ஆன செலவை கணக்கு போட்டா கடைல வாங்கறதே பெட்டர்னு தோணிடும். அதனால ரெசிப்பியை பாத்து சாமான் வாங்காதீங்க, இருக்கற சாமானை பாத்து ரெசிப்பி தேடுங்க. கீழ சொல்லப்போறது எல்லாம் இதை எப்படி செய்யறதுங்கறதுதான்.

முதல் வேலை கடைல இல்ல, வீட்ல. அலமாரில இருக்கற டப்பா, பாக்கெட் எல்லாத்தையும் எடுத்து மேஜை மேல பரப்புங்க. முன்வரிசைல இருக்கறது உங்களுக்கே தெரியும், பின்னாடி ஒளிஞ்சிருக்கறதைதான் பாக்கணும். பாதி கோகோ பவுடர், டப்பா அடில கொஞ்சம் ஓட்ஸ், கல்லு மாதிரி ஆயிட்ட பிரவுன் சுகர், எப்ப திறந்ததுன்னே ஞாபகம் இல்லாத பேக்கிங் பவுடர், இப்படி ஏதாவது வரும். பிரவுன் சுகர் இறுகிப்போனா தூக்கி போட வேண்டாம், டப்பாக்குள்ள ஒரு பிரெட் துண்டை போட்டு இறுக்கமா மூடி ராத்திரி முழுக்க விட்டா, பிரெட்ல இருக்கற ஈரத்தை இழுத்து மறுபடி உதிரியாயிடும்.

பேக்கிங் பவுடர், சோடா உப்பு, ஈஸ்ட், இந்த மூணையும் மட்டும் நம்பி நேரா மாவுல போட்டுடாதீங்க, டெஸ்ட் பண்ணுங்க. அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரை கால் கப் சூடு தண்ணில போட்டா சுர்ருனு நுரைச்சு பொங்கணும், நாலு குமிழி வந்து அடங்கிட்டா அதோட கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். சோடா உப்புக்கு வெறும் தண்ணி ஆகாது, மேல கொஞ்சம் வினிகரோ எலுமிச்சை சாறோ விட்டு பாக்கணும். ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை சர்க்கரையோட வெதுவெதுப்பான தண்ணில, அதாவது 40 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு, விரல் விட்டா சூடுன்னும் சொல்ல முடியாம பச்சைத்தண்ணின்னும் சொல்ல முடியாம இருக்கணும், அதுல கலந்து 10 நிமிஷம் வைங்க. மேல நுரை தொப்பி மாதிரி எழும்பினா உயிரோட இருக்கு. 60 டிகிரி பக்கம் போனா ஈஸ்ட் செத்துடும், கொதிக்கற தண்ணியை ஊத்திட்டு ஈஸ்ட்டை திட்டி பிரயோஜனம் இல்ல. இந்த டெஸ்ட்டுக்கு ஒரு ஸ்பூன் பவுடர்கூட செலவாகாது, ஆனா இதை பண்ணாம விட்டா மாவு, சர்க்கரை, முட்டை, கரன்ட் எல்லாம் சேந்து வீணாப்போகும்.

இப்ப கடைக்கு போகலாம். பேக்கிங்குக்குன்னு எப்பவும் கைல இருக்க வேண்டியது ரொம்ப கம்மி: மைதா, கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், உப்பு, சோடா உப்பு, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், வினிகர், கோகோ, அவ்வளவுதான். முட்டை, பால், வெண்ணெய் இருந்தா நல்லது, இல்லாட்டியும் வண்டி ஓடும். இதுக்கு மேல எது வாங்கினாலும், இது குறைஞ்சது மூணு வேற வேற விஷயத்துக்கு உதவுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, உதவாதுன்னா தட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க.

விலை பாக்கறப்ப பாக்கெட் மேல பெருசா போட்டிருக்கற நம்பரை பாக்காதீங்க, 100 கிராமுக்கு எவ்வளவுன்னு பாருங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு, 500 கிராம் பாக்கெட் 60, 2 கிலோ பாக்கெட் 250ன்னு வைங்க. பெருசா வாங்கினா லாபம்னு கை தானா 2 கிலோவுக்கு போகும், ஆனா முதலாவது 100 கிராமுக்கு 12, ரெண்டாவது 12.50. போன்ல கால்குலேட்டர் இருக்கு, விலையை கிராமால வகுத்து 100ஆல பெருக்குங்க, முடிஞ்சுது. நீங்க வழக்கமா வாங்கற பாக்கெட்டையே அப்பப்ப திருப்பி எடையை பாருங்க, விலை அதே இருக்கும், உள்ள 50 கிராம் சத்தமில்லாம குறைஞ்சிருக்கும். ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயும் இதே கதைதான், நீங்க யூஸ் பண்ற பொருளா இருந்தாதான் அது ஆஃபர், இல்லன்னா அது செலவு.

மொத்தமா வாங்கறதுல சர்க்கரை, உப்பு, சோடா உப்பு, வினிகர் பிரச்சினை இல்ல, ஈரம் படாம வெச்சா வருஷக்கணக்குல இருக்கும். கோதுமை மாவு அப்படி இல்ல, தவிடு, முளை எல்லாம் சேந்து அரைச்சதால அதுல எண்ணெய் சத்து இருக்கு, அது நாளாக நாளாக காறல் அடிக்கும், மைதா அதை விட தாக்குப்பிடிக்கும். மாவுல வண்டு வர்ற வீடா இருந்தா, வாங்கிட்டு வந்த உடனே பாக்கெட்டோட ஃப்ரீசர்ல நாலு நாள் வைங்க, முட்டை கிட்டை இருந்தாலும் செத்துடும், அப்புறம் வெளிய எடுத்து ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்கணும், அவசரப்பட்டு பிரிச்சா உள்ள ஈரம் கோத்துக்கும். ஈஸ்ட்டை திறந்த பிறகு காத்து புகாத டப்பால ஃப்ரீசர்லயே வெச்சுக்கலாம். புதுசு வாங்கினா பின்னாடி, பழசு முன்னாடி, இது ஒண்ணை மட்டும் விடாம பண்ணினாலே பாதி வீணடிப்பு நிக்கும்.

தேதி விஷயம் ஒண்ணு. 'பெஸ்ட் பிஃபோர்'னு போட்டிருந்தா அந்த தேதி வரைக்கும் ருசி, தரம் நல்லா இருக்கும்னு அர்த்தம், மறுநாள் விஷமாகிடாது, மாவு சர்க்கரை மாதிரி உலர்ந்த சாமானை மோந்து பாத்து, பூச்சி இருக்கான்னு பாத்து யூஸ் பண்ணலாம். 'யூஸ் பை' அல்லது எக்ஸ்பயரின்னு இருந்தா அதுல விளையாட வேண்டாம்.

சரி, ஒரு சாமான் இல்ல, அதுக்காக கடைக்கு ஓடணுமா? பெரும்பாலும் வேண்டாம், அந்த சாமான் மாவுல என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சா போதும். பேக்கிங் பவுடர்ங்கறது சோடா உப்பும் ஒரு புளிப்பு பொடியும் கொஞ்சம் ஸ்டார்ச்சும் சேந்ததுதான், ஈரம் பட்டா ரெண்டும் சேந்து கார்பன் டை ஆக்சைடு விடும், அதுதான் மாவை தூக்குது. சோடா உப்பு தனியா இருந்தா புளிப்பை நீங்க குடுக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு பதிலா கால் டீஸ்பூன் சோடா உப்பு, 1 டீஸ்பூன் வினிகர். இல்லன்னா கால் டீஸ்பூன் சோடா உப்போட அரை கப் தயிர் போட்டு, ரெசிப்பில இருக்கற மத்த தண்ணி, பால்ல அரை கப் குறைச்சுக்கங்க. சோடா உப்பை ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி உப்பும்னு நினைச்சு கொட்டினா சோப்பு வாடைதான் மிஞ்சும்.

பேக்கிங் பவுடர் வந்த கதையே இல்லாததுக்கு பதில் தேடின கதைதான். இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்டுனு ஒரு மருந்து வியாபாரி, அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்காது ஈஸ்ட்டும் ஒத்துக்காது, அதனால 1837ல முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடர், 1843ல ஈஸ்ட் இல்லாம பிரெட் பண்ண பேக்கிங் பவுடர்னு ரெண்டையும் கண்டுபிடிச்சார். இன்னிக்கு அலமாரில அந்த ரெண்டு டப்பாவும் இருக்கறதுக்கு அந்த அம்மாவோட அலர்ஜிதான் காரணம்!

பட்டர்மில்க் இல்லன்னா 1 கப் பால்ல 1 டேபிள்ஸ்பூன் வினிகரோ எலுமிச்சை சாறோ விட்டு 10 நிமிஷம் வைங்க, லேசா திரியும், அது போதும். செல்ஃப் ரெய்சிங் மாவுனு தனியா ஒரு பாக்கெட் வாங்கவே வாங்காதீங்க, 1 கப் மைதாக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் டீஸ்பூன் உப்பும் கலந்தா அதேதான். ஐசிங் சுகருக்கு 1 கப் சாதா சர்க்கரையை 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரோட மிக்ஸில ஓட்டுங்க. வெண்ணெய்ல சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதில பெரும்பங்கு தண்ணி, அதனால கேக்ல 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் கணக்கு. ஆனா வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கற பிஸ்கட் ரெசிப்பில எண்ணெய் போட்டா அது வேற ஒரு பொருளாதான் வரும்.

முட்டைக்கு, 1 டேபிள்ஸ்பூன் பொடிச்ச ஆளி விதையை 3 டேபிள்ஸ்பூன் தண்ணில ஊறவெச்சா ஒரு முட்டை கணக்கு, இல்லன்னா கால் கப் மசிச்ச வாழைப்பழம். ஒண்ணு ரெண்டு முட்டை கேக்கற மஃபின், பான்கேக்குக்கு இது தாராளமா போதும், நாலஞ்சு முட்டையை அடிச்சு அந்த காத்துலயே எழும்பற ஸ்பாஞ்ச் கேக்குக்கு வாய்ப்பே இல்ல, அப்ப வேற ரெசிப்பி பாருங்க. வாசனைக்கு எசன்ஸ் இல்லன்னா எலுமிச்சை, ஆரஞ்சு தோலோட மேல் பகுதியை மட்டும் துருவி போடுங்க, வெள்ளை பகுதி வந்தா கசக்கும், எப்படியும் குப்பைக்கு போற தோல்தானே.

எதுவுமே இல்லாத நாளைக்குன்னு ஒரு கேக் இருக்கு, முட்டை, பால், வெண்ணெய் மூணும் வேண்டாம். முதலாம் உலகப்போர் காலத்துல அமெரிக்காவுல சாமான் தட்டுப்பாட்டுல இப்படி கேக்குங்க 'வார் கேக்'னு பேர் வாங்கிச்சு, அதோட சாக்லேட் தங்கச்சின்னு இதை சொல்லலாம். 8 இஞ்ச் சதுர டின்ல எண்ணெய் தடவி அதுக்குள்ளயே மைதா ஒன்றரை கப், அதாவது 190 கிராம், சர்க்கரை 200 கிராம், கோகோ 3 டேபிள்ஸ்பூன், சோடா உப்பு 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் போட்டு ஃபோர்க்கால நல்லா கலந்துக்கங்க. நடுவுல குழி பண்ணி எண்ணெய் 75 மில்லி, வினிகர் 1 டேபிள்ஸ்பூன், எசன்ஸ் இருந்தா கொஞ்சம், மேல 1 கப் தண்ணி. வினிகர் பட்ட இடத்துல மாவு குபுகுபுன்னு பொங்க ஆரம்பிக்கும், அந்த காத்து வெளிய போறதுக்குள்ள வேலையை முடிக்கணும், அதனால ஓவனை முன்னாடியே 180 டிகிரில சூடாக்கி வெச்சிருங்க. மூலைல உலர்ந்த மாவு ஒட்டிட்டிருக்கும், அதை வழிச்சு விட்டு, வெள்ளை கோடு மறையற வரைக்கும் மட்டும் கலக்கி உடனே உள்ள தள்ளிடுங்க, ரொம்ப அடிச்சா ரப்பராயிடும். 30லேருந்து 35 நிமிஷம், குச்சி விட்டு பாத்தா சுத்தமா வரணும். கழுவ ஒரே பாத்திரம்தான், எனக்கு அதுதான் இதுல பிடிச்ச விஷயமே.

அளவு பத்தி ஒரு வார்த்தை. 1 கப் மைதா 125 கிராம் சுமாருக்கு, ஆனா பாக்கெட்டுக்குள்ள கப்பை விட்டு அழுத்தி அள்ளினா 150கூட வந்துடும், கேக் வறண்டு போறதுக்கு பாதி நேரம் இதுதான் காரணம். ஸ்பூனால கப்புல போட்டு மேல தட்டையா வழிச்சு விடுங்க, இல்ல ஒரு சின்ன தராசு வாங்கிடுங்க, பேக்கிங்குக்குன்னு காசு குடுத்து ஒரே ஒரு கருவி வாங்கறதா இருந்தா அது தராசுதான்.

பிரெட்டுக்கு மிஷினும் வேண்டாம், கை வலிக்க பிசையவும் வேண்டாம், நேரம் மட்டும் வேணும். மைதா 400 கிராம், தண்ணி 300 கிராம், உப்பு 8 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூன், கரண்டியால கலந்து மூடி 12லேருந்து 18 மணி நேரம் விட்டுடுங்க, வெயில் காலமா இருந்தா 8 மணி நேரத்துலயே ரெடியாயிடும். அந்த நேரத்துல மாவை இழுபட வைக்கற குளூட்டன்ங்கற புரதம் தானா பின்னிக்கும், நீங்க பிசையற வேலையை அதுவே பாத்துக்கும். மேல குமிழி குமிழியா ஆனதும் மாவு தூவி மடிச்சு உருண்டையாக்கி ஒரு மணி நேரம் வைங்க, அதுக்குள்ள மூடி போட்ட கனமான, ஓவன்ல வைக்கக்கூடிய பாத்திரத்தை 230 டிகிரில சூடாக்கி அதுல போட்டு, மூடியோட 30 நிமிஷம், மூடி இல்லாம 15 நிமிஷம். வெளிய எடுத்ததும் வெட்டிடாதீங்க, ஆறறதுக்குள்ள வெட்டினா உள்ள பிசுபிசுன்னு இருக்கும்.

கேஸ், கரன்ட் செலவையும் கணக்குல வைங்க. ஓவன் ஒரு தடவை சூடானா ரெண்டு டின் வேலையை சேத்து முடிச்சுடுங்க, கேக் வெளிய வந்ததும் அந்த மிச்ச சூட்டுல பழைய பிரெட் துண்டுகளை உள்ள விட்டா காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடும், மிக்ஸில ஓட்டினா பிரெட் க்ரம்ஸ். கறுத்துப்போன வாழைப்பழத்தை தோல் உரிச்சு ஃப்ரீசர்ல போட்டு வைங்க, மூணு சேந்ததும் மஃபின். பிரெட், கேக் ரெண்டையும் ஆறின பிறகு துண்டு போட்டு ஃப்ரீசர்ல வெச்சா வேணுங்கறப்ப வேணுங்கற துண்டை மட்டும் எடுத்துக்கலாம், ஃப்ரிட்ஜ்ல மட்டும் பிரெட்டை வைக்காதீங்க, வெளிய இருக்கறதை விட அங்கதான் சீக்கிரம் விறைச்சுப்போகும்.