ஹாட் ராட் கட்டும்போது ஃபெண்டரைக் கழற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபோர்டு ஒன்றை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டியாக, கட்டுகிறவர்கள் எஞ்சினுக்காக மாதக்கணக்கில் யோசிப்பார்கள். எந்த கியர்பாக்ஸ், எந்தப் பின் ஆக்ஸில் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபெண்டரை மட்டும், "நாலு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். முதல் தவறே இதுதான். சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் அந்த மட்கார்டு இருக்கப்போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் வண்டியின் உயரம், ஆக்ஸிலின் அகலம், டயர் அளவு, ஹெட்லைட் நிற்கும் இடம், பிரேக் குழாய் போகும் வழி எல்லாமே அமையும். சேஸிஸில் எஞ்சின் உட்காருவதற்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும்.

"அசல் ஹாட் ராடுக்கு ஃபெண்டர் கிடையாது" என்று நம்புவது

பலர் ஃபெண்டரைக் கழற்றுவதற்குச் சொல்லும் காரணம் மரபு. அந்த மரபு எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. 1930களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் மொஹாவி பாலைவனத்தின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டிகளை விரட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. அங்கே எடை குறையவும் காற்று தடுக்காமல் இருக்கவும் ஃபெண்டர், பம்பர், விண்ட்ஷீல்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். வாரநாட்களில் வேலைக்குப் போவதும் அதே வண்டியில்தான் என்பதால், ஓட்டம் முடிந்ததும் கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர்.

அதாவது, ஃபெண்டர் இல்லாத கோலம் பந்தயத்துக்கான கோலம். அது அழகாக இருந்ததால் பிறகு தெருவுக்கும் வந்தது. டோன் ஸ்பென்சர் என்பவர் கட்டிய 1932 ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத திறந்த வண்டி) அந்த அழகுக்கு இன்றும் அளவுகோல். 1997-ல் பெபிள் பீச் கார் கண்காட்சியில் ஹாட் ராடுகளுக்கென்று முதன்முறையாக ஒரு பிரிவு வைத்தபோது அதில் வென்றது அந்த வண்டிதான். அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் முழு ஃபெண்டரோடு தாழ்வாக நிற்கும் வண்டியும் அதே அளவுக்கு மரபானதுதான். யாராவது கேலி செய்வார்களோ என்று பயந்து கழற்ற வேண்டாம்.

எல்லா வருட மாடலையும் ஒரே மாதிரி நினைப்பது

அதிகம் சறுக்குவது இங்கேதான். 1932 வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு 1930 வண்டியில் ஃபெண்டரைக் கழற்றுவார்கள். கழற்றிய பிறகு ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று தெரியும், என்னவென்று பிடிபடாது.

1932 ஃபோர்டில் பாடிக்கும் ரன்னிங் போர்டுக்கும் (கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் பலகை) நடுவே தனியாக மறைப்புத் தகடு கிடையாது. சேஸிஸின் பக்கவாட்டு ரெயிலே அந்த இடத்தில் வெளியே தெரியும். வெளியே தெரியும் என்பதால் ஃபோர்டு அந்த ரெயிலில் நீளவாக்கில் வளைந்து போகும் ஒரு அழகான வரியை அழுத்தி வைத்தது. ஃபெண்டரையும் ரன்னிங் போர்டையும் எடுத்துவிட்டாலும் கீழே இருப்பது பார்க்கத் தகுந்த ஒரு விளிம்புதான். பாடியை வெட்டி இறக்காமல் ரெயிலின் மேலேயே உட்கார வைத்த ஃபெண்டர் இல்லாத வண்டியை ஹைபாய் என்பார்கள். அந்த அமைப்பு 1932-ல் இவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு அந்த ரெயில் முக்கியக் காரணம்.

1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ-யின் கதை வேறு. அதில் சேஸிஸை மறைக்க நீளமான தகடு உண்டு. அதை எடுத்தால் உள்ளே இருப்பது வெறும் மொட்டை சானல். யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்துச் செய்ததே இல்லை. பாடிக்கும் ரெயிலுக்கும் நடுவே பொருத்தமில்லாத இடைவெளிகளும் தெரியும். இதற்காகத்தான் மாடல் ஏ பாடியை 1932 சேஸிஸில் ஏற்றும் பழக்கம் வந்தது. மாடல் ஏ-யின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 103.5 அங்குலம், 1932-ன் வீல்பேஸ் 106 அங்குலம். கொஞ்சம் வேலை செய்தால் இரண்டும் சேர்ந்துவிடும். சொந்த சேஸிஸிலேயே வைத்துக்கொள்ளப்போகும் மாடல் ஏ கூப்பேக்கு (மூடிய கூரையுள்ள இரண்டு கதவு வண்டி) ஃபெண்டர் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

1933, 1934 வண்டிகளில் வீல்பேஸ் 112 அங்குலமாக நீண்டது. கிரில் பின்னோக்கிச் சாய்ந்தது. அந்தச் சாய்வு முன் ஃபெண்டரின் வளைவில் இறங்கி, ரன்னிங் போர்டில் ஓடி, பின் ஃபெண்டரில் ஏறுகிறது. ஃபெண்டரை எடுத்தால் அந்த ஓட்டம் அறுந்து, நீளமான மூக்கு மட்டும் தனியாக நிற்கும். ஹைபாயாகக் கட்டி அழகாக முடித்தவர்களும் உண்டு, ஆனால் அதற்கு நல்ல கண்ணும் நிறையத் தகடு வேலையும் வேண்டும். ஸீஸீ டாப் இசைக்குழுவின் பில்லி கிப்பன்ஸுடைய சிவப்பு 'எலிமினேட்டர்' 1933 கூப்பே உலகம் முழுக்கத் தெரிந்த வண்டி. அது நிற்பது முழு ஃபெண்டரோடுதான்.

1935-க்குப் பிறகு வந்தவற்றில் இந்தக் கேள்வியே எழக்கூடாது. அவற்றின் தடித்த ஃபெண்டர்கள் உருவத்திலேயே பாதி. 1937-ல் ஹெட்லைட்டே ஃபெண்டருக்குள் போய்விட்டது.

திரும்ப மாட்ட முடியாதபடி செய்துவிடுவது

ஃபெண்டர் போல்ட்டில் நிற்கிறது, அதனால் எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். போல்ட்டைக் கழற்றுகிற வரைக்கும் அது உண்மை. அதற்கு அடுத்து செய்கிற சின்னச் சின்ன வேலைகள்தான் வழியை அடைக்கின்றன.

முதலில் பிராக்கெட். ஃபெண்டரையும் ரன்னிங் போர்டையும் தாங்கும் இரும்புகள் சேஸிஸில் ரிவெட் அடித்து நிற்பவை. ஃபெண்டரை எடுத்ததும் அவை துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். உடனே கிரைண்டரை எடுத்து வழித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ரிவெட்டின் தலையை மட்டும் துளையிட்டு எடுத்து, பிராக்கெட்டை முழுசாகக் கழற்றி, எந்தப் பக்கம் என்று எழுதிக் கட்டி வையுங்கள். ரெயிலில் இருக்கும் துளைகளை அடைக்க அவசரம் வேண்டாம்.

அடுத்தது பின்பக்கம். பின் ஃபெண்டர் வந்து சேரும் இடத்தில் பாடியில் வரிசையாக போல்ட் துளைகள் இருக்கும். ஃபெண்டர் இல்லாதபோது அவை கண்ணை உறுத்தும். வெல்டிங்கில் அடைக்கலாம் என்று போனால், அந்த மெல்லிய தகடு சூட்டில் இழுத்துக்கொண்டு வளைவெல்லாம் அலையலையாகிவிடும். அதைத் தட்டி நிமிர்த்தி, மேலே பட்டி வைத்து, தேய்த்து முடிக்கச் செலவாகும் உழைப்பு கொஞ்சமல்ல. பிறகு ஃபெண்டர் வேண்டுமென்றால் பெயின்ட் முடிந்த பாடியில் மறுபடி துளைபோட வேண்டும். சின்ன உருண்டைத் தலை போல்ட்டோ ரப்பர் அடைப்பானோ போட்டு ஓட்டிப் பார்த்து, மனது நிலைத்த பிறகு வெல்டிங் செய்யலாம்.

மூன்றாவது, பாடியை இறக்குவது. தரையை வெட்டி பாடியை ரெயிலுக்குக் கீழே இறக்கி உட்கார வைத்தால் ஃபெண்டர் தன் பழைய இடத்தில் சேராது. ஃபெண்டர் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த வெட்டே பதில் சொல்லிவிடுகிறது. வெட்டுகிற நாளில் இது பலருக்கு உறைப்பதில்லை.

கழற்றினால் என்னவெல்லாம் வெளியே வரும் என்று பார்க்காமல் விடுவது

1932-ல் ஹெட்லைட் தாங்கும் கம்பி இரண்டு முன் ஃபெண்டருக்கும் குறுக்கே நிற்பது. ஃபெண்டர் போனால் ஹெட்லைட்டுக்கு சேஸிஸிலிருந்தோ ஷாக் அப்சார்பர் மவுன்ட்டிலிருந்தோ தனியாகத் தாங்கி செய்ய வேண்டும். அதன் உயரம் இரண்டு அங்குலம் தப்பினாலும் முன்முகம் கெட்டுவிடும். டெயில்லைட், நம்பர் பிளேட் எல்லாவற்றுக்கும் புது இடம் தேட வேண்டும். பின்னால் பெட்ரோல் டேங்க் முழுசாக வெளியே தெரியும்.

முன் ஆக்ஸில், ஸ்டீயரிங் இணைப்புகள், பிரேக் குழாய்கள், ஒயரிங் எதுவும் இனி மறைவில் இல்லை. ஃபெண்டர் உள்ள வண்டியில் கறுப்புப் பெயின்ட் ஒரு கோட் அடித்து விட்டுவிடக்கூடிய பாகங்களை இங்கே தேய்த்து, மெருகேற்றி, போல்ட் தலைகள் ஒரே பக்கம் பார்க்கும்படி முடிக்க வேண்டும். ஃபெண்டர் இல்லாவிட்டால் செலவு குறையும் என்பது பெரும்பாலும் தப்புக் கணக்கு. நல்ல ஃபெண்டருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும், அது அப்படியே சேஸிஸ் அலங்காரத்துக்குப் போய்விடும்.

ஃபெண்டரை வைத்துக்கொள்கிறவர்கள் செய்யும் தவறு

முதலில் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிட்டு கடைசியில் ஃபெண்டரை மாட்டுவார்கள். தொண்ணூறு வருடம் பழைய தகடு, வேறு வேறு வண்டியிலிருந்து வந்த துண்டுகள், நடுவில் புதிதாக அடித்த ஒன்று. இவை தானாகப் பொருந்தாது. ஃபைபர் கிளாஸ் என்றால் போல்ட்டை இறுக்கி இழுத்துப் பொருத்தும்போதே துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். பெயின்ட்டுக்கு முன்பே நான்கு ஃபெண்டர், ரன்னிங் போர்டு, கிரில், பானட் எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி, ஃபெண்டருக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கும் வெல்ட் (welt) பட்டையின் தடிமனையும் சேர்த்து இடைவெளி பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் டயர். எஞ்சின், கியர்பாக்ஸ், தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர், ஓடப்போகும் அதே டயர் எல்லாம் ஏறிய பிறகுதான் வண்டி தன் உயரத்தில் நிற்கும். அப்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். பிறகு ஒரு சக்கரத்தின் கீழ் ஜாக் வைத்து, பள்ளத்தில் விழுந்து எழும்போது எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றி, மறுபடி ஒடித்துப் பாருங்கள். முன்னால் டிஸ்க் பிரேக் மாட்டியவர்களுக்கு இங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கும். அந்த கிட் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தாலும் போதும், டயரின் தோள் ஃபெண்டர் ஓரத்தில் உரசும். பின்னால் அகலமான ஆக்ஸில் போட்டுவிட்டு ஃபெண்டரை வெளியே இழுக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆக்ஸில் வாங்குவதற்கு முன்பே ரிம்மின் ஆஃப்செட்டையும் (சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ நிற்கும் என்ற அளவு) சேர்த்து அளந்திருந்தால் அந்த வேலையே வராது.

பாதி வழியில் நிற்பது

முழு ஃபெண்டரும் வேண்டாம், மொட்டையாகவும் வேண்டாம் என்று முன்னால் மோட்டார்சைக்கிள் மட்கார்டு, பின்னால் குட்டையாக வெட்டிய ஃபெண்டர் என்று போவார்கள். சரியாகச் செய்தால் அதற்கென்று ஒரு அழகு உண்டு. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் அசல் 1932 ஃபெண்டரை இதற்காக வெட்டாதீர்கள். அது கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். ஒரு முறை வெட்டினால் முடிந்தது. பழைய ஸ்பேர் டயர் உறையை வைத்தே இந்தக் குட்டை ஃபெண்டரைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முன் மட்கார்டு சக்கரத்தோடு திரும்ப வேண்டும் என்பதால் பிரேக் பிளேட் பக்கத்திலிருந்து பிராக்கெட் எடுப்பார்கள். அந்த இடத்துக்கு ஸ்பிரிங்கின் பாதுகாப்பு கிடையாது. ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகப் பிராக்கெட்டுக்குப் போகும். மெல்லிய பட்டையில் செய்தால் வெல்டிங் ஓரத்தில் வெடித்து, மட்கார்டு டயர் மேலேயே விழும். கனமான இரும்பில், இரண்டு இடத்தில் பிடித்துச் செய்யுங்கள்.

சட்டத்தையும் மழையையும் மறப்பது

அமெரிக்காவில் ஃபெண்டர் பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் 40 வருடத்துக்குக் குறையாத வண்டியோ ஸ்ட்ரீட் ராடோ (தெருவில் ஓட்ட மாற்றிக் கட்டிய பழைய பாணி வண்டி), முக்கியமாகச் சேகரிப்புக்காக வைத்திருப்பது என்றால், நல்ல வானிலையில், பராமரிப்புள்ள கெட்டியான சாலையில் ஃபெண்டர் இல்லாமல் ஓடலாம். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27600-வது பிரிவு, தண்ணீரும் சேறும் பின்னால் தெறிப்பதைத் தடுக்க ஃபெண்டரோ மறைப்போ இருக்க வேண்டும் என்கிறது. 1971-க்கு முன் தயாரித்துப் பதிவான வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் வெற்று எடை 1,500 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டும். 1932 ரோட்ஸ்டர் அந்த எடைக்குள் வராது. பழைய வண்டி என்பதாலேயே எங்கும் விலக்கு கிடைத்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். புதிதாக அடித்த பாடி என்றால் பதிவுத்தாளில் எந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம்.

சட்டம் விட்டாலும் கல் விடாது. ஃபெண்டர் இல்லாத ரோட்ஸ்டரில் முன் டயர் எற்றும் பொடிக்கல் கதவோரத்து பெயின்ட்டையும் வெளியே வைத்த முழங்கையையும் தாக்கும். மழை வந்தால் முன் சக்கரத்துத் தண்ணீர் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும். ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான மைல் போய் கண்காட்சி பார்க்க ஆசைப்படுகிறவர் ஃபெண்டரை விட்டுவைப்பதுதான் சரி.

எல்லாம் யோசித்துக் கழற்றுவது என்றே முடிவானால், கழற்றியதை உடனே விற்காமல் ஒரு முழு சீசன் ஓட்டிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓரம் வளையும், தரையில் வைத்தால் அடியில் துரு ஏறும். உட்புறம் பிரைமர் அடித்து, சுவரில் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். பிறகும் வேண்டாம் என்றால் நான்கு ஃபெண்டர், ரன்னிங் போர்டு, பிராக்கெட், ஹெட்லைட் கம்பி எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கொடுங்கள். ஒரே வண்டியில் பொருந்தி நின்ற செட் தேடி அலைகிற ஒருவர் எப்போதும் இருப்பார். பிரித்து விற்றால் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தப் பொருத்தும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.