பெயரைக் கேட்கத் தெரியாத ஃபார்ம்: யூஎக்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூஎக்ஸ் என்பது செயலியோ இணையதளமோ பயன்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை. எங்கள் அலுவலகத்தில் அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் வரைந்த ஸ்கிரீன்களைப் போன வாரம் அவர்களுடன் உட்கார்ந்து பார்த்தேன். நிறம், இடைவெளி, ஐகான் எல்லாமே கச்சிதம். ஆனால் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் செய்த தவறுகள் அதே வரிசையில் அங்கே இருந்தன. எழுத்தைச் சிறிதாக்காதே, பட்டனுக்கு ஐந்து நிறம் பூசாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே எழுதுவது

பெட்டிக்கு மேலே தலைப்பு வைக்காமல், உள்ளே மங்கலாக ‘பிறந்த தேதி’ என்று எழுதிவிடுகிறார்கள். இடம் மிச்சமாகிறது, பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். நடுவில் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது. சிலர் அந்த மங்கல் எழுத்தைப் பார்த்து, ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். போதாததற்கு அந்தச் சாம்பல் நிறம் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்று, இணையம் எல்லோருக்கும் பயன்படும்படி இருக்க வகுக்கப்பட்ட டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல் சொல்கிறது. தலைப்பை வெளியே, மேலே வையுங்கள்.

ஒரு பிழைக்காக மொத்த ஃபார்மையும் காலி செய்வது

கூடவே கூடாது.

பெயரை இரண்டாக உடைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றும் ஒவ்வொரு புது ஃபார்மிலும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக முன்பதிவு ஃபார்ம் வரைந்தேன். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று எழுத்து. எல்லாத் தளங்களிலும் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே வைத்தேன். இனிஷியலோடு வளர்ந்தவன் நான். எனக்கே ‘கடைசிப் பெயர்’ கிடையாது. அது அன்று உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். கடைசிப் பெயர் பெட்டியில் ‘ஆர்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை ஏற்காததால் அதையே மூன்று முறை தட்டியிருந்தார்கள். சிலர் மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். சிலர் அப்பா பெயர், சிலர் ஊர்ப்பெயர், இன்னும் சிலர் தங்கள் பெயரையே இரண்டாம் முறை.

இது வெறும் அழுக்குத் தரவு என்றால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். சர்க்கரை நோய்க்காக அடிக்கடி வரும் ஒரு அம்மா முதல் தடவை அப்பா பெயரையும், அடுத்த தடவை கணவர் பெயரையும் அந்தப் பெட்டியில் கொடுத்திருக்கிறார். கணினி அவரை இரண்டு பேராக்கிவிட்டது. டாக்டர் கேட்ட பழைய அளவுகள் இவர் கணக்கில் இல்லை. அதே பரிசோதனைக்கு மறுபடி ரத்தம் கொடுத்து, மறுபடி பணமும் கட்டினார். இன்னொருவரின் காப்பீட்டுக் கோரிக்கை திரும்பி வந்தது, பில்லில் இருந்த பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் வேறு என்று. ஒவ்வொருவருக்கும் போன் செய்து பதிவுகளை ஒன்றுசேர்க்க நிலையத்தின் ஊழியர்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

நாங்கள் முதலில் செய்த திருத்தமும் தப்பு. மூன்று எழுத்தை ஒன்றாகக் குறைத்தோம். உடனே ‘வணக்கம் ஆர்’ என்று எஸ்எம்எஸ் போக ஆரம்பித்தது, ஏனென்றால் பலர் தங்கள் இனிஷியலை முதல் பெட்டியில் போட்டிருந்தார்கள். அவர்கள் செய்தது சரிதான், தமிழ்ப் பெயரில் இனிஷியல்தானே முதலில் வருகிறது!

முன்னால் இருப்பதுதான் அவரவர் பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்ற கணக்கு நமக்குப் பொருந்தாது. ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் பெயரில் ‘ஜெ’ என்பது ஜைனுலாப்தீன், அவருடைய தந்தை. சி. என். அண்ணாதுரையின் ‘சி’ கான்ஜீவரம், அதாவது காஞ்சிபுரம் என்ற ஊர். விஸ்வநாதன் ஆனந்தின் சொந்தப் பெயர் ஆனந்த், விஸ்வநாதன் அவர் அப்பா. ஆனால் உலகம் முழுக்க செஸ் ரசிகர்கள் அவரைச் செல்லமாக ‘விஷி’ என்று அழைத்தது அந்த அப்பா பெயரைச் சுருக்கித்தான்.

விளைவுகள் நம் ஊரோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களின் அமெரிக்க விசாவில், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் பதறின! அரசுகளின் விதியை நம்மால் மாற்ற முடியாது. நம் ஃபார்மை மாற்ற முடியும்.

இப்போது நான் செய்வது இதுதான். ‘முழுப் பெயர், உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று ஒரே பெட்டி. அன்போடு கூப்பிட வேண்டிய தேவை இருந்தால் ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று இன்னொரு பெட்டி, அது கட்டாயமில்லை. பிரிட்டன் அரசின் டிசைன் வழிகாட்டியும் முடிந்தவரை ஒரே பெட்டியைத்தான் பரிந்துரைக்கிறது. விமான டிக்கெட் போல இரண்டாகக் கேட்டே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் அதே தலைப்புகளைப் போடுங்கள், எதை எதில் எழுதுவது என்று பக்கத்திலேயே ஒரு மாதிரி காட்டுங்கள், பாஸ்போர்ட்டில் ஒன்று காலியாக இருந்தால் என்ன செய்வது என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ‘எழுத்துகள் மட்டும்’ என்ற கட்டுப்பாடு. ‘குமார்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது ஆறு குறியீடு: க, ம, ர மூன்றும், உகரக் குறி, கால், புள்ளி மூன்றும். யூனிகோடு பின்னவற்றை ‘எழுத்து’ என்ற வகையில் வைக்கவில்லை, ‘குறி’ என்று தனியாக வைத்திருக்கிறது. ஆகவே டெவலப்பர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால், தன் பெயரைச் சரியாகத் தட்டிய குமாரிடம் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று திரை சொல்லும். தன் பெயரே தப்பு என்று ஒரு மனிதரிடம் சொல்வதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. டெவலப்பரிடம் நேரில் பேசுங்கள்: குறிகள், இனிஷியலுக்குப் பின் வைக்கும் புள்ளி, இடைவெளி மூன்றும் அனுமதிக்கப்பட வேண்டும்.

‘ரத்துசெய்’ என்ற பட்டன்

‘டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டுமா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்துசெய்’, ‘சரி’ என்று இரண்டு பட்டன். இதில் ரத்தாவது டிக்கெட்டா, ரத்துசெய்யும் முயற்சியா? போன வாரம் பார்த்த ஸ்கிரீனிலும் இதே இருந்தது. ‘டிக்கெட்டை ரத்துசெய்’, ‘டிக்கெட் இருக்கட்டும்’ என்று முழுதாக எழுதினால் முடிந்தது.

தமிழைக் கடைசியில் ஒட்டுவது

ஆங்கிலத்தில் எல்லாம் வரைந்து முடித்து, வெளியிடுவதற்கு முந்தின நாள் மொழிபெயர்ப்பைக் கொட்டுகிறார்கள். ‘சப்மிட்’ இருந்த பட்டனுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ நுழையாது. கி, கீ மேலே போகும், டு, ழு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். முதல் வரைவிலேயே தமிழைப் போட்டு வரையுங்கள். அப்படிச் செய்தால் ‘சமர்ப்பிக்கவும்’ என்பதற்குப் பதில் ‘அனுப்பு’ போதுமே என்பதும் அப்போதே தோன்றும்.

பயனரிடம் ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பது

எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள்.

‘டெஸ்ட்’ என்ற பெயரை வைத்துச் சோதிப்பது

பெயர்ப் பெட்டி உள்ள எந்த ஃபார்மையும் வெளியிடும் முன் நான் தட்டிப் பார்க்கும் பெயர்கள் இவை: ஒரே எழுத்தான ‘பூ’. இரண்டு இனிஷியல் உள்ள மு. வ. ஸ்ரீதேவி. ஏ. பி. ஜெ. அப்துல் கலாம். இனிஷியல் பின்னால் வரும் செல்வி க. இனிஷியலே இல்லாத மாரி. போன வாரத்து மூன்று ஃபார்ம்களில் இரண்டு ‘பூ’விலேயே நின்றுவிட்டன.