டயரில் இருக்கும் எண்களைப் படிப்பது எப்படி

டயர் மாற்றக் கடைக்குப் போவதற்கு முன், வண்டியில் இப்போது ஓடும் டயரின் பக்கவாட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் சேர்த்து. இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் பழைய ஓனர் வேறு சைஸ் மாட்டியிருக்கலாம், கம்பெனி சொன்ன சைஸ் ஸ்டிக்கரில் இருப்பதுதான்.

185/65 ஆர்15 88ஹெச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 65-இல்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்: அகலத்தில் 65 சதவீதம்தான் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு டயர் கடைகளில் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் அகலமாகப் போடலாமே என்று ஆசை வரும். அங்கேதான் இந்தச் சதவீதக் கணக்கு வேண்டும். 205/65 ஆர்15 எடுத்தால் ரிம் அதேதான், 65-ம் அதேதான், ஆனால் அகலம் கூடியதால் உயரமும் கூடி, டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.-லிருந்து 647 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 4 சதவீதம் குறைவாகக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். 195/60 ஆர்15 என்றால் 615, ஒரு சதவீத வித்தியாசம்தான். அதுவும் உங்கள் ரிம்மின் அகலத்துக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

சரி, 88ஹெச். இதைக் கடையில் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 82 என்றால் 475 கிலோதான். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஜிஎஸ்டி ரோட்டில் மதுரைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. ஹெச் வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ.; டி என்றால் 190, வி என்றால் 240. இந்த இரண்டிலும் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் போகலாம், குறைக்கவே கூடாது, விலை எவ்வளவு இறங்கினாலும்.

அப்புறம் தயாரான தேதி. டாட் (DOT) என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். இது சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பே புரட்டிப் பார்த்துவிடுங்கள், நான்கிலும். வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும், நம்ம ஊரில் வண்டி பெரும்பாலும் தெருவில்தான் நிற்கிறது. ஐந்து வருடம் தாண்டிய டயரை, பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை கடையில் காட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள், அது ஓடாமலே வயசாகும்.

டயரிலேயே 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று ஒரு எண் பொடியாக இருக்கும். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு, அந்த அளவுக்குக் காற்று பிடிக்கச் சொல்லவில்லை. காற்றுக்குக் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையே சொல்லுங்கள், காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது.