ரெசிடென்சிக்குப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேளுங்கள்

பல்கலைக்கழகத்தில் சில மாதம் தங்கி வேலை செய்யக் கலைஞருக்கு அழைப்பு, அதாவது ரெசிடென்சி, வந்தால், முதலில் கண் போவது உதவித்தொகையின் மேல்தான். எனக்கும் அப்படித்தான். அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் இறங்கினால், மூன்றாம் மாடியில் ஒரு பழைய கருத்தரங்க அறை. சுவரோடு சுவராக வெளிர்சாம்பல் கம்பளம். குழாய் கிடையாது. தூரிகை கழுவ வேண்டுமென்றால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்தின் கோடியில் உள்ள கழிவறைக்கு நடக்க வேண்டும். சிந்தினால் துடைக்கத் தோளில் ஒரு பழைய வேட்டித் துண்டு. முதல் வாரம் நான் செய்த ஒரே வேலை, கம்பளம் முழுக்க பாலித்தீன் தாள் விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டியதுதான். இரவு ஏழு மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. எனக்குக் கை ஓடத் தொடங்குவதே எட்டு மணிக்கு மேல்.

ஜன்னல் திறக்குமா, சாவி யாரிடம், தண்ணீர் எங்கே என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அறையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையில் பக்கத்து அறைப் பேராசிரியருக்குத் தலைவலி வந்தால்தான் கோபிப்பார்கள்.

அடுத்த தவறு, வாத்தியாராகிவிடுவது. ‘வாரத்துக்கு ஒரு வகுப்புதான் சார்’ என்று ஆரம்பிக்கும்; மூன்றாம் வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் தங்கி வேலை செய்யும் கலைஞர் என்ற இந்தப் பதவியின் முன்னோடி என்று சொல்லப்படும் ஓவியர் ஜான் ஸ்டூவர்ட் கரியை 1936இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அமர்த்தியது ஓவியத் துறையில் அல்ல, வேளாண் கல்லூரியில். வகுப்பெடுக்கும் கட்டாயம் இல்லை. தன் ஸ்டுடியோவில் அவர் வரைவார், மாணவர்கள் வந்து பார்ப்பார்கள். கிராமங்களில் வயல்வேலைக்கு நடுவே வரைகிறவர்களின் படங்களைப் பார்த்து அவர் யோசனை சொல்வார். 1946இல் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.

இசைக்கலைஞர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, மாணவரை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதே அவருடைய வேலையின் உயிர். ஓவியருக்கும் சிற்பிக்கும் அப்படியில்லை. எத்தனை மணி நேரம் வகுப்பு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதும் சரியில்லை. நான் அதையும் செய்தேன். பிறகு ‘புதன் 3 முதல் 5 வரை உள்ளே வரலாம்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். முதலில் வந்தவர் மண் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். அடுத்த புதன்கிழமை, பரிசோதனை முடிந்து தூக்கிப்போட வைத்திருந்த மண்ணை ஏழெட்டுச் சிறு புட்டிகளில் கொண்டுவந்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்: செங்காவி, மஞ்சள், ஏறக்குறையக் கருநீலம். கருவேலம்பிசின் சேர்த்துக் குழைத்துப் பார்த்தோம். மஞ்சள் காய்ந்ததும் வெடித்தது; செங்காவி காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு படம் என்று எழுதியிருந்தேன். நான்கோடு நிறுத்திவிட்டு மிச்ச நாளெல்லாம் மண்ணில்தான் வரைந்தேன். விண்ணப்பத்தைச் சாசனமாக எடுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே பன்னிரண்டையும் முடித்துக் கொடுப்பதென்றால், அதை வீட்டிலேயே செய்திருக்கலாமே. போன இடம் எப்போது நம் படைப்புக்குள் வரும் என்பதும் நம் கையில் இல்லை. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார் அசோகமித்திரன்; அந்த மாதங்கள் ‘ஒற்றன்’ நாவலானது பல ஆண்டுகள் கழித்து.

விசா, வரிப்பிடித்தம் பற்றியெல்லாம் அலுவலகமே சொல்லிவிடும். படைப்பு யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. மண் ஓவியங்களில் இரண்டை அங்கேயே நடைக்கூடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். ஒரு கண்காட்சிக்காக அவற்றைக் கேட்டபோது, பல்கலைக்கழக உடைமை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. நான் படித்தது முதல் பக்கத்தில் இருந்த தொகையை மட்டும்.