சரிவான மனையில் வீடு: ஜேசிபி வருவதற்கு முன் மண் வேலையைத் திட்டமிடுவது எப்படி?

தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில் எங்கள் மனையில் ஜேசிபி வந்து நின்றதும் ஓட்டுநர் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, எதுவரைக்கும் வெட்டணும்?" என்னிடம் பதில் இல்லை. "மட்டமா ஆக்கிரு தம்பி" என்று சொன்னேன். மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் தள்ளி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். வீடு கட்டி முடித்த இரண்டாவது ஐப்பசியில் கீழ்ப்பக்கத் திண்ணை இறங்கியது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அந்தக் கேள்விக்கான பதிலை எப்படித் தயார் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

1. தண்ணீர் போகும் வழி

பட்டாவோடு புலப்படத்தையும் (மனையின் அளவும் எல்லையும் காட்டும் சர்வே வரைபடம்) எடுத்து, ஓடை அல்லது வாய்க்கால் புறம்போக்கு மனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். மலையடிவாரத்துக் கிராமம் என்றால், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் வெட்டுவதற்கு முன்பே தனி அனுமதி வேண்டும்.

அப்புறம் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த இரண்டு நாளும் உங்கள் மனை வழியாகத் தண்ணீர் போனதா, எந்த மூலையில் நுழைந்து எந்த மூலையில் வெளியேறியது என்று கேட்டு, ஒரு தாளில் அம்புக்குறியாக வரைந்து வையுங்கள். வீட்டை எங்கே வைப்பது என்பதை இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. டியூப் லெவல் பிடித்துச் சரிவை அளப்பது

கண்ணால் பார்த்து "ரெண்டு அடி இருக்கும்" என்று சொல்லும் சரிவு, அளந்தால் ஐந்தோ ஆறோ வரும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும், அதாவது மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். குழாயில் தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனையின் மேல் மூலையில் ஒரு முளைக்கம்பு அடித்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கோடு போடுங்கள். குழாயின் ஒரு முனைத் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு பத்தடி கீழே போய் அங்கே அடித்த கம்பில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அந்தக் குறி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால், பத்தடி நீளத்தில் ஓரடி இறக்கம் என்று அர்த்தம். அடுத்த பத்தடிக்கு இந்தக் கம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இப்படியே கீழ் மூலை வரை போய்க் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு மூலையும் நடுவும் அளந்தால் படம் தெளிவாகிவிடும்.

3. சோதனைக் குழி

வீடு வரும் இடத்தில் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, ஐந்தடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். மேலே வேரும் மக்கும் கலந்த மண், அதற்குக் கீழே செம்மண், பிறகு சரள், அதன் அடியில் சுக்காம்பாறை (உதிரும் தன்மையுள்ள பாறை) என்று வந்தால் நல்லது. கரிசல் தட்டினால் பொறியாளரைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது.

அடிவாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பாறை என்று நினைப்பது மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கல்லாக இருக்கலாம். அஸ்திவாரத்தின் ஒரு பாதி அதன்மேலும் மறுபாதி மண்மேலும் உட்கார்ந்தால் சுவர் வெடிக்கும். கல்லைச் சுற்றிக் கடப்பாரையால் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. எவ்வளவு வெட்டுவது

இதற்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். பணம் மிச்சமாவது இங்கேதான். ஐந்து சென்ட் மனை, 40 அடி அகலம், 54 அடி நீளம், மொத்த இறக்கம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 30 அடி அகலம், சரிவு வாக்கில் 36 அடி நீளம். அந்த 36 அடியில் இறக்கம் 4 அடி.

கீழ்மட்டத்துக்கு முழுவதும் வெட்டினால்: 36 × 30 × 4, சரிவு ஆப்பு வடிவம் என்பதால் அதில் பாதி. 2,160 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 21.6 யூனிட். வெட்டிய மண் கால் பங்கு உப்பும். ஆக 27 யூனிட். இரண்டு யூனிட் டிப்பரில் பதினான்கு நடை. மண்ணை வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறை அனுமதியும் தேவைப்படும்.

நடுமட்டம் வைத்து மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்பினால்: 18 × 30 × 2, அதில் பாதி. 540 கன அடி, 5.4 யூனிட். மண் மனைக்குள்ளேயே நிற்கும்.

வீட்டையே இரண்டு மட்டமாக, நடுவில் இரண்டடி வித்தியாசத்துக்கு நாலு படி வைத்து வரைந்தால், ஒவ்வொரு மட்டத்திலும் 9 × 30 × 1, அதில் பாதி; இரண்டுக்கும் சேர்த்து 270 கன அடி, 2.7 யூனிட்தான். முதியவர்களுக்கு அந்தப் படிகள் சிரமம், உண்மைதான். அவர்கள் அறை, குளியலறை, சமையலறை மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டால் சமாளிக்கலாம். இன்று கட்டினால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

5. எந்த மாதத்தில்

பிசான (மழைக்காலத்தில் நடும் நெல்) அறுவடை முடிந்து, குற்றாலச் சாரல் தொடங்குவதற்கு முன். அதாவது மாசியிலிருந்து வைகாசி நடு வரை. வெட்டிய சரிவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஐப்பசி மழைக்குள் போகாதீர்கள்.

6. வெட்டும் நாள்

சுண்ணாம்புக் கோடு போட்டு, மட்டம் குறித்த முளைகளை முன்தினமே அடித்துவிடுங்கள். மேல்மண் அரையடியைத் தனியாக ஒதுக்கிக் குவிக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு அது பொன், வீட்டுக்கு அடியில் அது மக்கிப்போகும். மரவேர்களும் அப்படித்தான். பனை நின்றால் ஆட்சியர் அனுமதி இல்லாமல் தொட வேண்டாம். வெட்டிய மேட்டை நாலு அடிக்கு மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழே ஆட்களை வேலை செய்ய விடாதீர்கள். மண் சரியும்போது ஓட நேரம் கிடைக்காது.

7. நிரப்புவது

என் திண்ணை இறங்கியது இந்த வேலையில்தான். மூன்றடி மண்ணை ஒரே தள்ளாகக் கொட்டி மேலே ஜேசிபி நாலு தடவை ஓடினால், மேல் ஓரடி மட்டும் இறுகும். அரையடி பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு அல்லது அதிர்வு இயந்திரம் ஓட்டி, பிறகு அடுத்த அரையடி. தண்ணீர் சேறாகும் அளவுக்கு வேண்டாம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும். ஒவ்வொரு அடுக்கிலும் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. சும்மா கிடைக்கிறதே என்று குளத்து வண்டலை இங்கே கொட்டாதீர்கள், அது வயலுக்கான மண்.

எவ்வளவு இறுக்கினாலும் நிரப்பிய மண் தரையைத் தாங்க மட்டும்தான். சுவரும் தூணும் அதைக் கடந்து, கீழே உள்ள பழைய கெட்டி மண்ணில் நிற்க வேண்டும். கீழ்ப்பக்கம் வானம் (அஸ்திவாரக் குழி) ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கும், அதற்கான செலவை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. தடுப்புச் சுவரும் வடிகாலும்

நாலு அடி வரை கருங்கல் கட்டு போதும், அடிப்பக்கம் இரண்டு முதல் இரண்டரை அடி அகலம். அதற்கு மேல் உயரம் என்றால் பொறியாளர் வரைந்து தர வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு ஜல்லி, சுவரில் நாலைந்து அடிக்கு ஒரு மூன்றங்குலக் குழாய். இவை இல்லாவிட்டால் மழைநீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். வெட்டிய மேட்டுக்கு மேலே ஒரு வடிகால் எடுத்து, மலைத்தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து பத்தடிக்கு அரையடி வெளிப்பக்கமாகச் சரியட்டும்.

மண் வேலை முடிந்ததும் முதல் கோடை மழைக்குக் குடையோடு போய் மனையில் நில்லுங்கள். முதல் நாள் வரைந்த அம்புக்குறித் தாளும் கையில் இருக்கட்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே மண்வெட்டியால் வழி வெட்டிவிட்டு, அப்புறம் வானம் தோண்ட நாள் பாருங்கள்.